பார்த்தேன், ஒழுகவில்லை: ஒரு கூரை ஓதமும் அளவை நூல்களும்

எங்கள் குடியிருப்பில் சென்ற கோடையில் ஒரு வீட்டுக் கூரையில் ஓதம் ஏறியது. அது எங்கிருந்து வருகிறது என்று முழுதாகத் தெரிய மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நாள் ஆகியிருக்கத் தேவையில்லை. அதே கட்டடத்தில் நாங்கள் சிலர் சனிக்கிழமை தோறும் பிரமாணங்களைப் பற்றி, அதாவது ஒன்றை எதனால் அறிகிறோம் என்ற அளவைகளைப் பற்றி, படித்துக்கொண்டிருந்தோம். அந்தப் படிப்பு எங்கே கைகொடுத்தது, எங்கே என்னையே வழுக்கிவிட்டது என்பதற்காக நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். ஆட்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

சென்னைப் புறநகரில் மூன்று மாடிக் கட்டடம். எட்டு வீடு, மொட்டை மாடியில் பொதுத் தண்ணீர் டேங்க், தரையில் சம்ப். சனிக்கிழமை வகுப்பு என் வீட்டில் நடக்கும். ஏழு பேர். நான் வாத்தியார் இல்லை, மற்றவர்களுக்கு முன்னால் படித்தவன், அவ்வளவுதான். பாடம், 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகம் என்ற தர்க்க நூலும் அதற்கு அவரே எழுதிய தீபிகை உரையும். தமிழ்ச் சொல்லுக்காக மணிமேகலையின் 27ஆம் காதையையும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். வஞ்சி நகரில் மணிமேகலை ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய்க் கேட்கும்போது அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்கிறான்: காண்டல் (நேரில் அறிவது), கருதல் (அனுமானம்), உவமம், ஆகமம் என்று தொடங்கி அபாவம், மீட்சி என்று போகும்.

எந்தக் கட்சி எத்தனை அளவையை ஏற்கிறது என்ற எண்ணிக்கைக் கணக்கு எல்லோருக்கும் பிடித்துப்போனது. சார்வாகருக்கு 1, பௌத்தருக்கும் வைசேஷிகருக்கும் 2, சாங்கியருக்கு 3, நியாயத்துக்கு 4, பிரபாகர மீமாம்சகருக்கு 5, மீமாம்சகரில் இன்னொரு பிரிவான பாட்டருக்கும் அத்வைதிகளுக்கும் 6. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் ஆறைச் சொல்லி, மேலும் நான்கைச் சொல்லி, கடைசியில் எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடித்துவிடும். மூன்று மாதத்தில் ஏழு பேரும் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். ஒப்பிக்க வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை என்பது ஏப்ரலில் தெரிந்தது.

முதல் கூட்டம்

இரண்டாம் மாடியில் இருப்பவர் வங்கியில் வேலை பார்ப்பவர், எங்கள் வகுப்பிலும் ஒருவர். அவர் வீட்டு உள்ளறைக் கூரையில், குளியலறைச் சுவரை ஒட்டி, தோசைக்கல் அகலத்துக்கு ஓதம். சுண்ணாம்பு உப்பிப் பொரிந்திருந்தது. மழை பெய்து பல வாரம் ஆயிற்று. அதனால் மழையைக் குற்றம் சொல்ல வழியில்லை. நேர் மேலே மூன்றாம் மாடிக் குளியலறை. அங்கே வாடகைக்கு இருப்பவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, தனியாக.

அசோசியேஷன் கூட்டத்தில் மூன்று பேச்சு வந்தது. இரண்டாம் மாடிக்காரர், மேலே ஒழுகுகிறது என்றார். பிளம்பர், "மேல போய்ப் பார்த்துட்டேன் சார், எங்கேயும் ஒழுகல" என்றார். மேல் வீட்டு அம்மாவும் ஏதோ சொன்னார். குறிப்பேட்டில் முதல் இரண்டுதான் ஏறியது. அந்த அம்மா சொன்னதை யாரும் எழுதவில்லை. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுகிறதே என்று செயலாளர் ஒரு சமாதானம் கண்டுபிடித்தார். பிளம்பர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், ஒழுகல் டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே குளியலறை டைல்ஸ் முழுவதையும் உடைத்து வாட்டர் ப்ரூஃபிங் செய்ய வேண்டும். மதிப்பீடு 80,000 ரூபாய். மேல் வீட்டு உரிமையாளர் போனிலேயே கத்தினார். குடியிருப்பவர் தண்ணீரைக் கண்டபடி கொட்டுகிறார், காலி செய்யச் சொல்லிவிடுகிறேன் என்றார். விஷயம் ஓதத்திலிருந்து ஒரு வயதான பெண்ணின் வீட்டுக்குத் தாவியது அந்த இடத்தில்தான்.

வகுப்புக்கு வந்த வழக்கு

அந்த வாரம் வகுப்பில் பாடம் ஓடவில்லை. இரண்டாம் மாடிக்காரர் கோபத்தில் இருந்தார். அதையே தர்க்க நூல் வாதத்துக்குச் சொல்லும் ஐந்து உறுப்பில் சொல்லிப் பாருங்களேன் என்றேன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவர் சொன்னார். பக்கம், அதாவது நிறுவ வேண்டியது: மேல் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது. ஏது, அதாவது காரணம்: அதன் நேர் கீழே ஓதம் இருக்கிறது. திட்டாந்தம், அதாவது உதாரணம்: போன வருடம் முதல் மாடியில் இதே மாதிரி வந்தது, அங்கேயும் மேலே குளியலறைதான் ஒழுகியது.

இந்த இடத்தில் அவரே நின்றுவிட்டார். பாடத்தில் வரும் உதாரணத்தில், மலையில் புகையைப் பார்த்து நெருப்பைச் சொல்பவன் அடுப்பங்கரையைக் காட்டுகிறான் என்றால், அவன் பிறந்ததிலிருந்து பார்த்த அடுப்பங்கரைகள் அத்தனையும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. இவரிடம் இருந்தது ஒரே ஒரு முதல் மாடி.

அப்புறம் எதிர்த்திசையில் கேட்டோம். நெருப்பு இருப்பதால் புகை இருக்கும் என்று திருப்பிச் சொல்ல முடியாது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. அந்த ஈர விறகுக்கு உபாதி என்று பெயர். இவருடைய வாதமும் ஒரு சொல்லாத நிபந்தனையின் மேல் நிற்கிறது: அந்தச் சுவர்ப் பக்கம் குளியலறைத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் ஓடக் கூடாது. இதை உபாதி என்று சொல்வதா, பிறழும் ஏது (சில இடத்தில் பொய்த்துப்போகும் காரணம்) என்று மட்டும் சொல்வதா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. அதை இங்கே விடுகிறேன். பொறியியல் படிக்கும் பையன் ஒருவன் கேட்டதுதான் பயன்பட்டது: "அந்த டக்ட்ல மொத்தம் எத்தனை பைப் சார் இறங்குது?" டக்ட் என்பது குளியலறைச் சுவரை ஒட்டிப் பைப்கள் இறங்கும் இடம். பதினாறு வருடமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

நியாயக் கட்சியின் மூல நூலான நியாய சூத்திரத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஆறு பெருகியிருப்பதைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று சொல்வது பழைய உதாரணம். மணிமேகலையில் இது ‘எச்சம்’ என்ற அனுமான வகையாக வருகிறது. சூத்திரம் ஓர் எதிராளியை நிறுத்தி, ஓட்டம் அடைபட்டாலும் ஆறு பெருகுமே, அப்போது என்ன செய்வாய் என்று கேட்க வைக்கிறது. சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையின் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெறும் பெருக்கு ஏதுவே அல்ல. வேகம், நுரை, அடித்து வரும் பழமும் இலையும் கட்டையும் சேர்ந்த பெருக்குதான் மழைக்கு ஏது. அதாவது, அனுமானம் தோற்கவில்லை, பார்த்தவன் பாதிதான் பார்த்தான். எங்கள் ஓதத்தில் நுரை எது, கட்டை எது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

பிளம்பரின் ‘இல்லை’

இரண்டாம் மாடிக்காரரின் வாதத்தைப் பிரித்தது சுலபம். பிளம்பர் சொன்னதைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஏனென்றால் அது காண்டல் மாதிரி இருந்தது. அவர் நேரில் போனார், பார்த்தார், இல்லை. இதற்கு மேல் என்ன?

தரையில் பானை இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? பாட்டர்கள் அதற்கு அனுபலப்தி (காணாமை) என்று தனி அளவை வைப்பார்கள். நையாயிகர்கள், அதாவது நியாயக் கட்சிக்காரர்கள், கண்ணே போதும், காணாமை அதற்குத் துணை என்பார்கள். கட்சி எதுவானாலும் இரண்டு பேரும் ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுப்பதில்லை. ‘இங்கே பானை இருந்திருந்தால் தரை தெரிவதுபோல் அதுவும் தெரிந்திருக்கும்’ என்று சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் ‘தெரியவில்லை, ஆகவே இல்லை’ என்று போகலாம். இதற்குத் தகுதி என்று பெயர். இருட்டறையில் பானையைக் காணாதது ஒன்றையும் நிரூபிக்காது.

சாங்கியரின் நூலான சாங்கிய காரிகையின் 7ஆம் பாட்டு, உள்ள பொருள் ஏன் தெரியாமல் போகும் என்று எட்டுக் காரணம் தருகிறது: அதிகத் தூரம், அதிக நெருக்கம், புலனில் குறை, மனம் வேறிடத்தில் இருப்பது, நுண்மை, குறுக்கே மறைப்பு, வேறொன்று மேலோங்குவது, ஒத்தவற்றோடு கலந்துவிடுவது. பலகையில் எழுதி ஒவ்வொன்றாகப் பிளம்பருக்குப் பொருத்தினோம். செயலாளர் பிடித்துக்கொண்டது ஆறாவது, மறைப்பு. டைல்ஸ் மறைக்கிறது என்றார். இருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "இதுல நேரம் இல்லையே சார்" என்றார். எப்போதும் நடக்காமல் எப்போதாவது நடப்பது, பார்க்கும் நேரத்தில் நடக்காமல் இருந்தால்?

பாட்டின் கடைசியில் ஒரு ‘உம்’ இருக்கிறது. சொல்லாததையும் சேர்த்துக்கொள்ளத்தான் அது என்று வாசஸ்பதி மிச்ரர் உரை எழுதி, இன்னும் வெளிப்படாதது என்ற ஒன்பதாவதைச் சேர்க்கிறார். பாலில் தயிர் தெரியாததுபோல. அது சாங்கியரின் சற்காரிய வாதத்துக்காக, அதாவது காரியம் காரணத்துக்குள் முன்பே இருக்கிறது என்ற கொள்கைக்காகச் சொன்னது. ஒழுகும் பைப்புக்கு இழுப்பது என் சௌகரியம். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி. பிளம்பருக்குப் போன் போட்டு எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டோம். காலை பதினொன்றரை. குழாய் எதையும் திறக்கவில்லை. டக்ட்டை எட்டிப் பார்த்திருக்கிறார், பைப் எல்லாம் காய்ந்து கிடந்ததாம். அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்குத் தகுதி இல்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு எடுத்த முடிவு இரண்டு. டைல்ஸை உடைப்பதை இரண்டு வாரம் தள்ளிப்போடச் செயலாளரிடம் கேட்பது, அவர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். அப்புறம், இதுவரை யார் என்ன சொன்னார்கள், எதனால் தெரியும், எப்போது பார்த்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுவது. உடைத்துவிட்டால் பார்க்க வேண்டியதும் சேர்ந்து போய்விடும் என்பதுதான் தள்ளிப்போட்டதற்குக் காரணம்.

பதினைந்து நாள்

பையன் ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து தேதி போட்டான். தினம் மாலை ஒரு கோடு. ஒரு வாரத்தில் கூரை, மரத்தை வெட்டினால் தெரியும் வளையம் போல ஆகிவிட்டது. கோடுகள் ஒரே இடைவெளியில் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் பளிச்சென்று விரிந்தன, மற்ற நாட்களில் கொஞ்சமாக.

நடுவில் மேல் வீட்டு அம்மா மகள் வீட்டுக்கு ஐந்து நாள் போயிருந்தார். குளியலறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் புழங்கவில்லை. அந்த ஐந்து நாளிலும் ஓதம் விரிந்தது. சொன்ன காரணம் இல்லாதபோதும் காரியம் நடக்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? நான் அன்றே செயலாளருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: மேல் வீட்டுக் குளியலறையில் குறை இல்லை. அவசரப்பட்டேன் என்பது ஜூலையில் தெரிந்தது.

நோட்டை நிரப்பப் போனபோதுதான் அந்த அம்மா கூட்டத்தில் சொன்னதைத் திரும்பக் கேட்டோம். "விடியக்காலைல சுவத்துக்குள்ள தண்ணி ஓடுற சத்தம் கேக்குது, எனக்குத் தூக்கமே போயிடுதுன்னு அன்னிக்கே சொன்னேனே" என்றார். தினமும் இல்லையாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். காட்டில் பிளிறலைக் கேட்டு யானையை உணர்வதை மணிமேகலை ‘பொது’ என்ற அனுமானத்துக்கு உதாரணமாகச் சொல்கிறது. அதைப் போன மாதம்தான் படித்திருந்தோம். யானை பிளிறுகிறது என்று ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொல்லியும் நாங்கள் குறித்துக்கொள்ளவில்லை.

ஏன் குறித்துக்கொள்ளவில்லை? எல்லோர் மனதிலும் இருந்தது ஒன்றுதான். அவர் குற்றம் சாட்டப்பட்டவர், அதனால் அவர் பேச்சு சமாளிப்பு. வாடகைக்காரர் என்பதும் உள்ளே இருந்தது, மறைப்பானேன். வாத்ஸ்யாயனர் ஆப்தனுக்கு, அதாவது சொல்லை நம்பத்தக்கவனுக்கு, தரும் இலக்கணம், பொருளை நேரில் அறிந்து, அறிந்தபடி சொல்ல விரும்புகிறவன் என்பது. அந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒன்றே என்று சேர்த்தே எழுதுகிறார். நாங்கள் பிளம்பரைத் தொழிலால் ஆப்தனாக்கினோம், அந்த அம்மாவை இடத்தால் தள்ளினோம். சத்தம் கேட்கும் தூரத்தில் தினமும் விடியலில் விழித்திருந்தவர் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான்.

வாட்ச்மேன் மீதியைச் சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும் நாளுக்கு அடுத்த நாள். சம்ப் நிறைந்திருக்கும். விடியலில் மோட்டாரைப் போட்டுவிட்டுப் பால் வாங்கப் போவார், திரும்புவதற்குள் டேங்க் வழிந்துவிடும். "அது ஓவர்ஃப்ளோ பைப்ல போயிடும் சார்" என்றார். ஓவர்ஃப்ளோ பைப் டக்ட் வழியாகத்தான் இறங்குகிறது, குளியலறைச் சுவரை ஒட்டி.

செவ்வாய் விடியற்காலை

மே முதல் வாரம். ஒருவர் மொட்டை மாடியில், பையன் மூன்றாம் மாடிக் குளியலறை ஜன்னலில் டார்ச்சோடு, நான் கீழே. வாட்ச்மேனிடம் வழக்கம்போல் செய்யச் சொன்னோம். 4.40க்கு மோட்டார் ஓடியது. ஐந்தேகாலுக்கு மேலேயிருந்து குரல் வந்தது, வழியுது. சில நிமிடத்தில் ஜன்னலிலிருந்து பையன் கத்தினான். மூன்றாம் மாடித் தரை மட்டத்தில் ஓவர்ஃப்ளோ பைப்பின் இணைப்பு விட்டுப்போயிருந்தது. பாதித் தண்ணீர் பைப்புக்குள், பாதி சுவரில். ஆறு மணிக்குள் மோட்டார் நின்றது. எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, வெறும் ஈரக்கறை. பதினொன்றரைக்கு நானே மறுபடி போய்ப் பார்த்தேன். பைப் காய்ந்திருந்தது. பிளம்பர் பார்த்தது அதைத்தான்.

பின் வந்தது

இணைப்பை மாற்றி, டேங்க் நிறைந்தால் மோட்டாரைத் தானே நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் போட்டோம். எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள். டைல்ஸ் உடைக்கும் பேச்சு நின்றது. உரிமையாளரும் காலி செய்யும் பேச்சை விட்டார், மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

நம் அறிவு சரியா என்பது அதை நம்பிச் செய்த காரியம் பலிப்பதில் தெரியும் என்பது நியாயக் கட்சி. அதன்படி ஓதம் காய வேண்டும். காய்ந்தது. பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே நின்றன. ஆனால் ஆறு வாரம் கழித்தும் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும், மேலேயிருந்து கழிவுப் பைப் இறங்கும் மூலையில், காயவே இல்லை.

சிமென்ட் மெதுவாகத்தான் காயும் என்று நான் இரண்டு வாரம் சமாதானம் சொன்னேன். இரண்டாம் மாடிக்காரர்தான் விடவில்லை. வகுப்பில், புல்லிலிருந்தும் நெருப்பு வரும், அரணிக்கட்டையிலிருந்தும் வரும், சூரியகாந்தக் கல்லிலிருந்தும் வரும் என்ற பழைய நியாயத்தை அவரே எடுத்து வைத்தார். காரியம் ஒன்று என்பதற்காகக் காரணமும் ஒன்றாக இருக்க வேண்டுமா சார்? அந்த அம்மா ஊரில் இல்லாத ஐந்து நாள் காட்டியது, குளியலறை மட்டுமே காரணம் அல்ல என்பதை. குளியலறை காரணமே அல்ல என்று நான் கையெழுத்துப் போட்டேன். பெரிய ஒழுகல் சின்ன ஒழுகலை மூடியிருந்தது. காரிகையின் ஏழாவது காரணம், வேறொன்று மேலோங்குவது, பலகையில் நான் எழுதியதுதான்.

ஜூலையில் மேல் வீட்டு அம்மாவின் அனுமதியோடு குளியலறை வடிகால் வாயை அடைத்துச் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரை ஒரு நாள் நிறுத்தினோம். மூன்றாம் நாள் அந்த உள்ளங்கை அகல இடத்தில், பைப்பின் விளிம்பில், லேசான ரோஸ் நிறம். பைப்பைச் சுற்றிய பூச்சு விட்டிருந்தது. அதை மட்டும் கொத்திப் பூசினார்கள். செலவைச் சரிபாதியாக உரிமையாளரும் அசோசியேஷனும் ஏற்றுக்கொண்டார்கள். நான் முன்பு கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கி, ‘குறை இல்லை’ என்பதை அடித்து, பார்த்தது இவ்வளவு, பார்க்காதது இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுபடி செய்வதானால்

சாயத் தண்ணீர்ச் சோதனையை மே மாதத்திலேயே செய்திருக்க வேண்டும். ஒரு காரணம் கையும் களவுமாகப் பிடிபட்ட சந்தோஷத்தில் அது தேவையே என்று தோன்றவில்லை.

கடிதம் எழுதியது என் இன்னொரு தவறு. செயலாளர் அதை நம்பியது அதில் இருந்த வாதத்துக்காக இல்லை, தர்க்கம் படிப்பவர் எழுதியது என்பதற்காக. பிளம்பர் விஷயத்தில் எதைக் குறை சொன்னேனோ அதையே என் பெயரில் நடக்கவிட்டேன்.

வகுப்பில் வரிசையை மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கைப் பட்டியல் இப்போது கடைசியில். முதலில் மணிமேகலை சொல்லும் எட்டுப் பிரமாண ஆபாசங்கள், அதாவது அளவை மாதிரித் தோன்றும் பொய்கள். இப்பியை (சிப்பியை) வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். தறியோ மகனோ, கட்டையோ ஆளோ, என்று நிற்பது ஐயம். தறியை ஆராயாமலே மகன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். எங்கள் கூட்டத்தில் நடந்தது இந்த மூன்றாவது என்று இரண்டாம் மாடிக்காரர் சொல்கிறார். எனக்கென்னவோ புலியைக் கண்ணெதிரே கண்டும் அது புலி என்று அறியாமல் நிற்கும் கண்டுணராமைதான் பொருந்துகிறது. இதில் இன்னும் உடன்பாடு இல்லை.

அசோசியேஷன் குறிப்பேட்டில் இப்போது ‘எதனால் தெரியும், எப்போது’ என்று ஒரு பத்தி இருக்கிறது. செயலாளர் அதைப் பெரும்பாலும் காலியாகத்தான் விடுகிறார். ஆகஸ்ட் கூட்டத்தில் மட்டும் ஒரு வரி நிரம்பியிருந்தது. மேல் வீட்டு அம்மா எழுதச் சொன்னது: லிஃப்ட்டில் கரகர சத்தம், காதால் கேட்டது, இரவு பதினொன்றுக்கு மேல்.